நான்கு தாள்கள் சந்திக்கும் ஊர்

கொடைக்கானல் ஏரியை நேரில் பார்ப்பதற்கு ஆறு மாதம் முன்பே அதன் கரையை நான் பலமுறை சுற்றி வந்திருந்தேன். எல்லாம் கணினித் திரையில்தான். மதுரையில் ஒரு வரைபட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. டோபோஷீட் எனப்படும் பழைய நிலத்தோற்ற வரைபடத் தாள்களை ஸ்கேன் செய்து, அட்சரேகை தீர்க்கரேகையோடு பொருத்தி, ஓடை, பாதை, கான்டூர் எனும் சம உயரக் கோடு என்று ஒவ்வொரு கோட்டையும் கணினியில் வரைந்து டிஜிட்டைஸ் செய்ய வேண்டும். பழனி மலையின் மேல்பகுதி நீர்ப்பிடிப்பைப் பற்றிய ஓர் ஆய்வுக்கான வேலை அது. எனக்குக் கொடுக்கப்பட்ட தாள் 58 எஃப்/8.

இந்த எண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 58 எஃப் என்பது வடக்கு 10 முதல் 11 டிகிரி வரை, கிழக்கு 77 முதல் 78 டிகிரி வரை உள்ள கட்டம். அதைப் பதினாறாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம், தரையில் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் சதுரம். எண்கள் மேலிருந்து கீழாக இறங்கும். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்தது கிழக்கே தொடங்கும். 8-ஆம் தாள் இரண்டாவது வரிசையின் அடியில் வருகிறது. கொடைக்கானல் அந்தத் தாளின் வடகிழக்கு மூலையில் ஒண்டிக் கிடக்கும். ஏரியிலிருந்து வடக்கு விளிம்புக்கும் கிழக்கு விளிம்புக்கும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இல்லை. 1:50,000 அளவில் அது நான்கு சென்டிமீட்டர். வில்பட்டிக்கு இறங்கினால் தாள் 7-க்குப் போய்விடுவோம். பெருமாள்மலை 11-இல் இருக்கிறது. கிழக்குச் சரிவில் ஒரு பகுதி 12-இல் விழுகிறது. ஆக, அந்த ஒரு ஊரைப் பார்க்க நான்கு தாள்களை ஒட்டவைத்துத் தரையில் விரிக்க வேண்டும்.

என் முதல் தவறு அந்த மூலையில்தான் நடந்தது.

நான்கு தாள்களையும் நான்கு பேர் தனித்தனியாக டிஜிட்டைஸ் செய்தோம். பிறகு விளிம்புகளை இணைக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒரு தாளில் விளிம்புவரை வந்த கான்டூர் அடுத்த தாளில் ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கும். தரையில் அது 50 மீட்டர். சில இடங்களில் இந்தப் பக்கம் ஐந்து கோடுகள், அந்தப் பக்கம் நான்கு. ஓரிடத்தில் ஒற்றையடிப் பாதை ஒன்று சிவப்புப் புள்ளிகளாக விளிம்புவரை வந்து நின்றுவிட்டது. அடுத்த தாளில் அதன் சுவடே இல்லை. மென்பொருளில் ஸ்னாப் என்று ஒரு வசதி உண்டு. இரண்டு முனைகளையும் இழுத்து ஒட்டிவிடலாம். இரண்டு நாளில் எல்லாக் கோடுகளையும் இழுத்து ஒட்டினேன். தொடர்ச்சி இல்லாத அந்தப் பாதையை அழித்துவிட்டேன். பார்க்க மிக அழகாக இருந்தது.

எங்கள் வேலையைச் சரிபார்க்க ஒரு பெரியவர் வருவார். சர்வே துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். திரையின் முன் அமர்ந்து மூலையைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இந்த இடத்துக்கு நீங்க போயிருக்கீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப இந்தக் கோட்டை வளைச்சது யாரு?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. ஒட்டியதையெல்லாம் பிரிக்கச் சொன்னார். பிரித்து முடித்த பிறகு நான்கு தாள்களின் அடிக்குறிப்பையும் படிக்கச் சொன்னார். அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. அதுவரை நான் அச்சிட்ட ஆண்டை மட்டும்தான் கோப்பில் பதிந்துகொண்டிருந்தேன். "அளந்த வருஷம்தான் அந்தத் தாளோட வயசு" என்றார். அளந்த ஆண்டுகள் நான்கிலும் ஒன்றாக இல்லை.

அன்று மாலை அவர் பிளேன் டேபிள் பற்றிச் சொன்னார். நான் அதைக் கல்லூரியில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்திருந்தேன். அவர் அதை முதுகில் சுமந்த கலாசிகள் என்ற உதவியாட்களோடு மலை ஏறியிருக்கிறார். முக்காலியின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் காகிதம், காகிதத்தின் மேல் குறிபார்க்கும் சட்டம். முன்பே கணக்கிடப்பட்ட மூன்று உச்சிகள் கண்ணில் பட வேண்டும். ஒவ்வொன்றையும் குறிபார்த்துப் பின்னோக்கிக் கோடு இழுத்தால் மூன்று கோடுகளும் கூடும் இடம்தான் நாம் நிற்கும் இடம். ஆனால் அவை எளிதில் கூடாது. நடுவில் ஒரு சின்ன முக்கோணம் மிஞ்சும். பலகையைத் துளித்துளியாகத் திருப்பி அந்த முக்கோணத்தைக் கரைக்க வேண்டும். கரைந்தால்தான் இடம் உறுதி. பிறகு கிளினோமீட்டரால் ஏற்ற இறக்கக் கோணம் பார்த்து, தூரத்தை வைத்து உயரம் கணக்கிட்டு, எதிரே தெரியும் சரிவைப் பார்த்தபடியே கான்டூரை வரைவார்கள். காகிதத்தில் கோடு விழும்போது மலை கண் முன்னால் இருக்கும்.

"மேகம் மூடிடுச்சுன்னா?" என்று கேட்டேன்.

"உக்கார வேண்டியதுதான். மூணு நாள் உக்காந்திருக்கேன். மூணாவது உச்சி தெரியாம இடம் எடுக்க முடியாது."

உச்சி தெரிந்தாலும் பள்ளத்தாக்கின் அடி எப்போதும் தெரியாது என்பதையும் அவரே சொன்னார். முகடுகளில் கோடுகள் நம்பகமாக இருக்கும். சோலைக்குள் மறைந்த ஓடையின் திருப்பங்கள் அவ்வளவு நம்பகம் இல்லை. பிறகு விமானப் படங்களிலிருந்து வரையத் தொடங்கியபோது வேறொரு சிக்கல் வந்தது. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அடர்ந்த காட்டில் தெரிவது மரங்களின் தலைதான், தரை இல்லை. ஒவ்வொரு முறையும் பார்த்த கண்ணுக்கு ஏற்ற குறை இருந்திருக்கிறது. எந்தக் கோடு எந்தக் கண்ணால் பார்த்தது என்று தெரிந்தால் அதன் குறையும் தெரிந்துவிடும். நான் ஸ்னாப் செய்தபோது அழிந்தது அதுதான்.

அதற்குப் பிறகு பழைய அளவைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1802-இல் சர்வேயர் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் ஆதாரக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்ததிலிருந்துதான், உச்சிகளின் இடத்தை முன்பே கணக்கிட்டுத் தந்த முக்கோண வலை கிளம்புகிறது. பழனி மலைக்கு 1821-இல் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு ஏறினார். பெரியகுளம் பக்கச் சரிவில், குன்னுவர்கள் வாழ்ந்த வெள்ளகவி வழியாக மேலே போனார். அப்போது கொடைக்கானலில் ஏரி கிடையாது. அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்டியது 1845-இல். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஏரியை உருவாக்கியது 1863-இல். வார்டு இந்த மலையை வராககிரி என்று குறித்தார். பன்றிமலை என்ற பெயரின் வடமொழி வடிவம் அது. அந்தக் காலத்து சர்வேயர்கள் படத்தோடு சேர்த்து ஒரு குறிப்பேடும் எழுதித் தருவார்கள். ஊர்கள், பயிர்கள், பாதைகள், மக்கள் என்று நடந்து பார்த்ததெல்லாம் அதில் இருக்கும். அந்த வழக்கம் கைவிடப்பட்டது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். படத்தில் கோடு மட்டும் இருக்கிறது. அங்கே யார் நின்றார், எவரிடம் வழி கேட்டார் என்பதைச் சொல்லும் இடம் அந்தக் குறிப்பேடுதான்.

கள ஆய்வுக்குப் போனபோது எங்கள் கையில் ஜி.பி.எஸ். இருந்தது. முதல் நாளே குழம்பிப்போனோம். நாங்கள் முகட்டின் மேல் நிற்கிறோம். ஆனால் பழைய தாளில் கருவி காட்டிய எண்களை வைத்துப் பார்த்தால், முகட்டைத் தாண்டிச் சரிவில் நிற்பதாக வருகிறது. கருவி பழுது என்றே நினைத்தோம். போனில் ஐயாவைக் கேட்டதும் சிரித்துவிட்டு விளக்கினார். பழைய தாள்கள் ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற சர்வேயர் கணக்கிட்ட பூமி உருவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். வேறொரு உருவத்தைப் பின்பற்றுகிறது. நம் பகுதியில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 200 மீட்டர். சமவெளியில் அது ஒரு வயல் தள்ளிப்போவது போல. மலையில் 200 மீட்டர் என்றால் வேறு பள்ளத்தாக்கு. அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து எல்லாப் புள்ளிகளையும் மாற்றிக் கணக்கிட்டோம்.

அதே இரவில்தான் இன்னொன்றும் எனக்கு உறைத்தது. லாம்ப்டனின் அளவைக்குத் தீர்க்கரேகையின் ஆதாரமாக இருந்தது நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டப்பட்ட சென்னை வானாய்வகம். இந்தியாவின் கிழக்கு மேற்குக் கணக்கெல்லாம் ஒருகாலத்தில் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது. 1899-இல் அந்த வானாய்வகத்தின் பணி இதே கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. அந்த ஊரில் தங்கிக்கொண்டு தீர்க்கரேகையைத் திருத்திக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கிறது.

இரண்டாவது வாரம் விளிம்பில் நின்றுபோன அந்த ஒற்றையடிப் பாதையைத் தேடிப் போனோம். வழிகாட்ட ஒரு சிற்றூரிலிருந்து வயதானவர் ஒருவர் வந்தார். பாதை இருந்தது. தாள் முடிகிற இடத்தைத் தாண்டியும் இருந்தது. லண்டானா புதர் மூடிக்கிடந்தாலும் கல் அடுக்கிய படிகள் காலுக்குத் தட்டுப்பட்டன.

"எங்க அப்பா காலத்துல சந்தைக்கு இதுலதான் மூட்டை தூக்கிட்டு இறங்குவாங்க. பஸ் வந்தப்புறம் யாரு நடக்குறா" என்றார் அவர்.

ஒரு தாள் அளக்கப்பட்டபோது அந்தப் பாதையில் ஆள் நடந்திருக்கிறார்கள். பக்கத்துத் தாள் அளக்கப்பட்டபோது நடக்கவில்லை. இரண்டு சர்வேயர்களும் கண்ட உண்மையைத்தான் வரைந்திருக்கிறார்கள். கான்டூர் ஒட்டாமல் போவது அளவையின் பிழை. பாதை ஒட்டாமல் போனது பிழை அல்ல, இடைப்பட்ட ஆண்டுகள். இந்த இரண்டையும் பிரித்தறிய அலுவலகத்தில் எந்த வழியும் இருக்கவில்லை. மலைச்சாலை வருவதற்கு முன்பு கொடைக்கானலுக்கே பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து நடந்துதான் ஏறினார்கள். வசதியானவர்கள் கூலிகள் தூக்கிய நாற்காலிகளில் ஏறினார்கள். தூக்கியவர்களின் கால்கள் போட்ட பாதைகள்தான் இந்தப் புள்ளிக் கோடுகள்.

பச்சை நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாளில் பச்சை என்றால் மரங்கள். பழைய தாளில் புல்வெளியாக இருந்த குன்றுகள் புதிய தாளில் பச்சை. எங்களில் ஒருவர் "காடு வளந்திருக்கு" என்று அறிக்கையில் எழுதினார். நேரில் போனால் அவை சீகை எனும் வாட்டில், பைன், யூகலிப்டஸ். சோலை அல்ல, நட்ட மரங்கள். மழையை வாங்கி மெல்ல மெல்ல ஓடைக்கு விட்டுக்கொண்டிருந்த புல்வெளி போன இடத்தில் வந்தவை. ஒரு நீர்ப்பிடிப்பு ஆய்வில் இதை வளர்ச்சி என்று எழுதியிருந்தால் முழு ஆய்வும் தலைகீழாகப் போயிருக்கும். அந்த வரியைத் திருத்தியதில் எனக்குப் பங்கு உண்டு. அந்த வேலையில் நான் செய்த வேறெதையும்விட அதை மதிக்கிறேன்.

ஓடைப் பெயர்களிலும் இப்படித்தான். தாளில் ஓர் ஓடைக்கு ஒரே பெயர் இருந்தது. வழிகாட்ட வந்த அந்தப் பெரியவரோடு அதன் கரையில் நடந்தபோது நான்கு பெயர் சொன்னார். பாறை மேல் விழும் இடத்தில் ஒன்று, மாடு தண்ணீர் குடிக்கும் இடத்தில் ஒன்று. தாளில் இருந்த பெயர் அவருக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று முறை வெவ்வேறு விதமாக உச்சரித்துக் காட்டினேன். கடைசியில் அவருக்குப் புரிந்தது. அது ஓடையின் பெயரே அல்ல, எதிரே இருந்த பட்டியின் பெயர். என்றோ ஒருவர் கைகாட்டிக் கேட்டிருக்கிறார். கேட்டவர் காட்டியது ஓடையை, சொன்னவர் பார்த்தது பட்டியை. நான்கு பெயர்களையும் எழுதிக்கொண்டேன். அட்டவணையில் இரண்டு பத்திகள் கூடுதலாகச் சேர்த்தேன்: பார்த்த ஆண்டு, சொன்னவர் ஊர். ஒப்பந்தத்தில் கேட்கவில்லை என்று அவற்றை நீக்கச் சொன்னார்கள். ஐயா பேசிய பிறகு விட்டுவிட்டார்கள்.

கடைசி நாள் அந்தப் பெரியவரின் வீட்டுத் திண்ணையில் தாளை விரித்தோம். தன் ஊரைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஊரின் பெயர் ஆங்கில எழுத்துகளில் சரிவின் குறுக்கே அச்சாகியிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஓடையைக் கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து விரலை மெல்ல மேலே ஏற்றி, வளைவில் திருப்பி, கோயில் இருக்கும் மேட்டைத் தொட்டு, அங்கிருந்து இடப்பக்கம் நகர்த்தி நிறுத்தினார். விரல் ஓர் எழுத்தின் மேல் நின்றது.

"நம்ம வீடு இதுக்கு அடியில இருக்கு தம்பி."

ஜி.பி.எஸ்.ஸில் பார்த்தேன். சரியாகச் சொன்னார். அது என்ன எழுத்து என்று கேட்டார். 'வி' என்று சொன்னேன். பேத்தியைக் கூப்பிட்டு அவளுக்கும் அதைக் காட்டினார்.