டீயில் முக்கினால் உடையாத பிஸ்கட்

நவம்பர் 3, 2024, ஞாயிறு

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். மாமாவுக்கு வெறும் வயிற்றில் சுகர் 212. பக்கத்து வீடுகளிலிருந்து வந்த தட்டு ஒவ்வொன்றிலும் “ஒண்ணே ஒண்ணு” என்று எடுத்தாரே, அதன் கூட்டுத்தொகை. பேக்கரி பிஸ்கட்டை முதலில் நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். கொடைக்கானல் மலையிலிருந்து காய்கறி லாரியில் வத்தலக்குண்டுக்கு இறங்கியும் ஏறியும் வயதைக் கழித்த மனுஷர். காலை ஐந்து மணி டீயில் எதையாவது முக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. “வெறும் டீக்கு வெந்நியக் குடிச்சிட்டுப் போறேன் தாயி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடையில் ‘சுகர் ஃப்ரீ’ பாக்கெட் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். முதலில் மைதா, கொஞ்சம் தள்ளி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் தூள். பேரில்தான் சீனி இல்லை, ரத்தத்தில் ஏறும் வேகத்தில் சீனிக்குச் சளைத்ததில்லை அது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். நாமே சுட்டுப் பார்ப்போம்.

நவம்பர் 5, செவ்வாய்

கோதுமை மாவு, வெண்ணெய், ஏலக்காய், அரை ஸ்பூன் சோடா. வழக்கமான அளவுதான், சீனியை மட்டும் விட்டுவிட்டேன். வெண்ணெய் இந்தக் குளிரில் செங்கல்லாக இருந்தது. அடுப்படித் திட்டில் அரைமணி நேரம் வைத்த பிறகே விரல் இறங்கியது.

உருட்டி வைத்தது உருட்டியபடியே வெந்து வந்தது. பரவவில்லை, சிவக்கவில்லை. மாமா ஒன்றை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்தார். “வறட்டி கூட இதுக்கு மெதுவா இருக்கும்.”

பிறகுதான் யோசித்தேன். சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. சூட்டில் அது உருகிப் பாகாகி மாவை இளக்கிப் பரத்துகிறது. ஆறும்போது அந்தப் பாகே இறுகி மொறுமொறுப்பைத் தருகிறது. அதை எடுத்துவிட்டால் தட்டிப் பரத்தும் வேலை நம் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. சோடாவும் காலை வாரியது. நாம் இருப்பது 2,100 மீட்டருக்கு மேலே. தண்ணீரே இங்கே 93 டிகிரியில் கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதால் சோடாவின் வாயு கீழ்நாட்டைவிட அதிகமாக உப்பி, மேலெல்லாம் விரிசல். இனி கால் ஸ்பூன்தான்.

நவம்பர் 8, வெள்ளி

பேரீச்சை. வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சேர்த்தேன். வாசனை வீடு முழுக்க. ஆனால் 180 டிகிரியில் பன்னிரண்டாம் நிமிடமே அடி கருகிவிட்டது. பழத்தில் இருக்கும் சர்க்கரை சீனியைவிடச் சீக்கிரம் கருகும். மலையில் ஓவன் சூட்டைக் கொஞ்சம் கூட்டச் சொல்வார்கள். பேரீச்சை மாவுக்கு அந்த யோசனை ஆகாது. 160தான் சரி.

தேனா வெல்லமா என்று கேட்டாள் தங்கை, போனில். இரண்டும் சீனிக்குத் தம்பிகள்தான். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சர்க்கரை பற்றிச் சொன்ன கணக்கில் தேனையும் குறைக்க வேண்டிய பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள். முழுப்பழம் அந்தக் கணக்கில் வராது.

நவம்பர் 10, ஞாயிறு

சந்தையில் மலைவாழை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்தில் ஊடே வளர்வது. முடிக்கொத்து நோய் வந்து எத்தனையோ தோட்டங்களை அழித்ததை மாமா வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாச்சிப் பழம் இதுதான். சதையில் தண்ணீர் குறைவு. பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கும் வேண்டியது அதுவே. நீர் விடும் பழம் போட்டால் பிஸ்கட் கேக்காகிவிடும்.

கிடைத்தது காய்வெட்டு. 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழை பழுக்காமல் தோல் மட்டும் கறுக்கும். எங்கள் சமையலறை ராத்திரியில் அதற்கும் கீழே. அரிசிப் பானைக்குள் புதைத்து, பானையை அடுப்புப் பக்கம் நகர்த்தியிருக்கிறேன்.

நவம்பர் 13, புதன்

பழுத்துவிட்டது. தோல் சுருங்கி, கரும்புள்ளி விழுந்து, தேன் மாதிரி.

வறுத்த கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100. கேழ்வரகு மட்டும் போட்டால் பசைப்பிடிப்பு இல்லாமல் டீயில் கரைந்துவிடும். பழம் 100 கிராம், பேரீச்சை 60, வெண்ணெய் 60, சுக்கு, ஏலம், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், இருக்கிற கொஞ்ச இனிப்பைத் தூக்கிக் காட்டுவது அதுதான். இருபது வட்டம், முள்கரண்டியால் அழுத்தித் தட்டையாக. 160-ல் பதினெட்டு நிமிடம். ஆறவிட்டு, ரஸ்க் போல 130-ல் இன்னொரு பதினைந்து நிமிடம் காயவைத்தேன். இந்த இரண்டாம் சூடு என் சொந்த மூளை. கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

மாமா முக்கினார். மூன்று எண்ணினோம். உடையவில்லை.

நவம்பர் 14, வியாழன்

இன்று உலக நீரிழிவு தினமாம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பேண்டிங் 1891-ல் பிறந்த நாள். அதைக் கொண்டாடவோ என்னவோ, மாமா ஏழு பிஸ்கட் தின்றிருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் 261.

“சீனியே போடலைன்னு நீதான சொன்ன?”

சொன்னது நான்தான். பென்சிலை எடுத்து உட்கார்ந்தேன். பேரீச்சையில் பாதிக்கு மேல் சர்க்கரை. பழத்தையும் சேர்த்தால் ஒரு பிஸ்கட்டுக்கு இரண்டரை கிராம் தேறும். மாவுச்சத்து ஏழு கிராம். இத்தனை நாள் இனிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், கேழ்வரகும் கோதுமையும் அதைப்போல மூன்று பங்கு என்பது கண்ணில் படவேயில்லை. ஏழு பிஸ்கட் என்றால் காலைப் பலகாரம் இரண்டாம் தடவை சாப்பிட்ட மாதிரி.

நவம்பர் 17, ஞாயிறு

மூன்று நாளாக மூடுபனி. டப்பாவில் இருந்தது நமத்துப்போச்சு. துணியில் கொஞ்சம் அரிசியை முடிந்து உள்ளே போட்டிருக்கிறேன், மறுபடி 130-ல் பத்து நிமிடம் வைத்ததும் பழையபடி மொறுமொறுப்பு. டப்பா இப்போது என் பீரோவில். காலைக்கு இரண்டு, சாயங்காலம் ஒன்று என்று எண்ணித் தட்டில் வைக்கிறேன்.

இன்று மாமா முதல் பிஸ்கட்டை முக்கி, நிதானமாகத் தின்றார். இரண்டாவதைக் கையில் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போனது.

“சுட வச்சுத் தரவா மாமா?”

“வேணாம் தாயி. சுட வச்சா டக்குனு முடிஞ்சுபோகும்.”