கல்சியம் கூடிய ரிப்போர்ட் வந்தால்

‘கை கால் உளைவு, ஒரே பஞ்சி’ என்று கொழும்பு ஆய்வுகூடங்களுக்கு வருகிறவர்களின் சிட்டையில் விற்றமின் டி இருக்கும், கல்சியம் இருக்கும். இரத்தத்தில் கல்சியத்தைக் கட்டுப்படுத்தும் பராதைரொயிட் ஹோர்மோனான பி.ரி.எச். இருப்பது அருமை. கழுத்தில் தைரொயிட்டின் பின்னால் அரிசியளவில் ஒட்டிக்கிடந்து அதைச் சுரக்கும் நாலு சுரப்பிகளை யாருக்கு ஞாபகம் வரும்?

கல்சியம் லீற்றருக்கு 2.2 முதல் 2.6 மில்லிமோல் வரை சாதாரணம். 2.75 என்று வந்தால் முதலில் இரத்தம் எடுத்த விதத்தை விசாரிக்க வேண்டும். நரம்பு அகப்படவில்லையென்று பட்டியை இரண்டு மூன்று நிமிடம் இறுக்கி வைத்திருந்தால் இரத்தத்திலுள்ள நீர் வெளியே கசிந்து புரதம் செறியும். புரதத்தோடு ஒட்டிய கல்சியமும் கூடவே உயரும். “கையைப் பொத்திப் பொத்தித் திறக்க வேணாம், அம்மா” என்று சொல்வதும் வீண் கண்டிப்பல்ல. புரதத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும் அயனாக்கிய கல்சியம் அதனால் மாறும்.

அடுத்தது அல்புமின், கல்சியம் ஒட்டும் இரத்தப் புரதம். அது லீற்றருக்கு 40 கிராமுக்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.02 கூட்ட வேண்டும். கல்சியம் 2.50, அல்புமின் 28 என்றால் திருத்திய கல்சியம் 2.74. ரிப்போர்ட்டில் நல்லபிள்ளையாக நிற்கும் எண் இப்படித்தான் ஏமாற்றும்.

பி.ரி.எச். ஊதா மூடிக் குழாயில் நன்றாகத் தாங்கும். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க அதில் இட்டிருக்கும் பொட்டாசியம் கலந்த ஈ.டி.ரி.ஏ. கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கல்சியத்துக்குரிய குழாயை முதலில் நிரப்பி, ஊதாவைப் பிறகு நிரப்ப வேண்டும். கல்சியம் 1.1, பொட்டாசியம் 9 என்று ஒன்றாக வந்தால் ஆளுக்கு முன் குழாயைச் சந்தேகியுங்கள். இரண்டு குழாயும் ஒரே குத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும், ஏனென்றால் கல்சியத்தையும் பி.ரி.எச்.ஐயும் பிரித்துப் படித்தால் பொருளில்லை.

இங்கேதான் அதிகம் தவறுகிறது. கல்சியம் 2.8, பி.ரி.எச். 50. பி.ரி.எச்.இன் வழமை எல்லை மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 15 முதல் 65 பிக்கோகிராம் என்பதால் இயந்திரம் குறியெதுவும் போடாது. கல்சியம் ஏறினால் சுரப்பி அடங்கவேண்டும். அடங்காமல் 50 சுரக்கிறதென்றால் அதுவே நோய். பெரும்பாலும் ஒரு சுரப்பியில் வளர்ந்த, புற்றுநோயல்லாத சாதாரண கட்டிதான் காரணம். புற்றுநோயால் கல்சியம் ஏறியிருந்தால் பி.ரி.எச். பொதுவாக அடங்கிக் கிடக்கும்.

எலும்பில் இந்த நோய் முதலில் அரிப்பது கெட்டியான வெளிப்புறத்தை. முள்ளந்தண்டையும் இடுப்பையும் மட்டும் ஸ்கேன் எடுத்தால் சேதம் தெரியாமல் போகலாம். முன்கையின் ஆரை எலும்பில், மணிக்கட்டுப் பக்க மூன்றிலொரு பங்கையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தச் சுரப்பியை எடுக்கும் சத்திரசிகிச்சைக்கு முன் 24 மணிநேரச் சலம் அவசியம். காலையில் முதல் கழிக்கும் சலத்தை ஊற்றிவிட்டு, அதன் பிறகு அடுத்த நாள் காலைச் சலம் வரை எல்லாவற்றையும் போத்தலில் சேர்க்க வேண்டும். வேலைக்குப் போன இடத்தில் ஒருதரம் விட்டுப்போனாலும் கணக்குப் பிழைக்கும். கல்சியத்துக்கும் கிரியாட்டினினுக்குமான வெளியேற்ற விகிதம் 0.01க்குக் கீழே நின்றால் அது பரம்பரையாக வரும் வேறொரு நிலையாக இருக்கலாம்; அதற்குக் கழுத்தை வெட்டிப் பயனில்லை. விற்றமின் டி குறைவும் இந்த எண்ணைத் தாழ்த்தும் என்பதால் அதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் போத்தலைக் கொடுக்க வேண்டும். தயசைட் வகைப் பிரஷர் குளிசையும் மனநோய்க்குக் கொடுக்கும் லிதியமும் இந்த எண்களை மாற்றும் என்பதால், அவற்றைக் குடிக்கிறாரா என்று கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பதும் அப்போதே.