முதுகுப் பக்கம்

மார்ச் 3, இரவு

இன்றும் ஏழாம் படுக்கைக்காரரின் அந்த இசிஜித் தாளை எடுத்துப் பார்த்தேன். பெயர் இருந்த மூலையைக் கிழித்துவிட்டு வைத்திருக்கும் நகல் அது. தலைகீழாகத் திருப்பி, தாளின் பின்பக்கம் என்னை நோக்கியிருக்கும்படி விளக்குக்கு நேராகப் பிடித்தால், நெஞ்சின் முன்பக்கம் ஒட்டும் மின்முனைகளில் வி1 முதல் வி3 வரை பள்ளமாக இருந்தவை மேடாகி, எந்த மாணவனும் அடையாளம் சொல்லக்கூடிய மாரடைப்பாகத் தெரிகிறது. அன்று அதைத் திருப்பிப் பிடிக்க எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 4

டூட்டி. ஏழாம் படுக்கை: இரத்த அழுத்தம் 110/70, வலி இல்லை.

மார்ச் 5

எழுதிவிட்டால் குறையும் என்று நினைக்கிறேன், குறையாவிட்டாலும் எழுதுகிறேன். அன்று அதிகாலை 2.10-க்கு அவரைக் கொண்டுவந்தார்கள். நெஞ்சில் பாரம், வியர்வை, அதோடு “முதுகில் யாரோ முழங்காலை ஊன்றுவது போல இருக்கிறது, டாக்டர்” என்றார். முதுகு என்ற சொல்லைக் கேட்டதும் என் மனம் மகாதமனிக் கிழிவுக்குத் தாவியது. இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்த்தேன், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன், இரண்டிலும் கோளாறு இல்லை என்றதும் பெரிய ஆபத்து ஒன்றைக் கடந்துவிட்டதைப் போன்ற நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் என் கண்ணைக் கட்டியது என்று இப்போது தோன்றுகிறது. இசிஜியில் எஸ்டி என்னும் கோட்டுப் பகுதி உயரவில்லை, தாழ்ந்துதான் இருந்தது, ஆகவே இரத்தக் குழாய் முழுவதும் அடைபடவில்லை என்று முடிவு செய்து, இரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுத்து, காலை ஆஞ்சியோகிராம் என்று குறிப்பெழுதினேன்.

காலை எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த பேராசிரியர் தாளைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வி4, வி5, வி6 கம்பிகளைக் கழற்றி, நோயாளியை ஒருக்களிக்கச் செய்து, இடது அக்குளின் பின்கோட்டில் ஒன்று, தோள்பட்டை எலும்பின் கீழ்நுனியில் ஒன்று, முதுகெலும்பை ஒட்டி ஒன்று என அவரே ஒட்டினார். அங்கே எஸ்டி அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலே போதும், மாரடைப்பு என்று சொல்ல; ஒன்றரை உயர்ந்திருந்தது. இதயத்தின் பின்சுவருக்கு நேராக நாம் வழக்கமாக எந்த மின்முனையும் வைப்பதில்லை, முன்னால் தெரியும் பள்ளம் பின்னால் இருக்கும் மேட்டின் நிழல்: தேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். இதயத்தின் பின்பக்கம் சுற்றிச் செல்லும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனி அடியோடு அடைபட்டிருந்தது. ஸ்டென்ட் விரிந்தபோது மணி 8.50.

வாசலிலிருந்து பலூன் வரை, அதாவது நோயாளி வந்ததிலிருந்து அடைப்பைத் திறப்பது வரை, 90 நிமிடங்களுக்குள் என்பது இலக்கு. எனக்கு ஆறு மணி நேரமும் நாற்பது நிமிடங்களும் ஆயின.

மார்ச் 6

தமனி வழியே குழாய் செலுத்தும் கேத் லேபில் நாள் முழுவதும். மணிக்கட்டுத் தமனியில் ஊசி இரண்டாம் முயற்சியில்தான் ஏறியது, குழாய் போகும் உறையைச் செலுத்துவதற்குள் தமனி இறுகிக்கொண்டது. சீனியர் கையை வாங்கிக்கொண்டார். ஈயக் கவசத்தைக் கழற்றிய பிறகும் தோள்களில் அதன் பாரம் இருந்தது.

1929-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோர்ஸ்மன் தன் கைச் சிரை வழியே இதயத்துக்கு 65 சென்டிமீட்டர் குழாயைச் செலுத்திக்கொண்டு, அது செருகியபடியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்ற கதையைச் சீனியர் தேநீர் நேரத்தில் சொன்னார். பிறகு ஃபோர்ஸ்மன் சிறுநீரியல் மருத்துவத்துக்குப் போய்விட்டார் என்பதும் 1956-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது என்பதும் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. நான் சிரிக்கவில்லை. தவறியிருந்தால் அவருடைய உடம்பில்தானே தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் படுக்கை நான்கு அடி நடந்தார்.

மார்ச் 7

இன்று காலை அவருடைய நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இதயத்தின் நுனியில், முதல் ஒலியோடு தொடங்கி இரண்டாம் ஒலி வரை விடாமல் ஊதுவதைப் போன்ற ஒரு மர்மர் (இரத்தம் கலங்கி ஓடும் இரைச்சல்), அக்குள் வரை தொடர்ந்தது. நேற்று அது இல்லை. ஐந்து மாதப் பயிற்சியில் யாரும் சொல்லித் தராமல் நானே முதலில் கேட்ட மர்மர் இது. ஒரு நொடி மகிழ்ந்தேன் என்பதை இங்கே மறைக்க முடியாது.

எக்கோவில் (இதயத்தின் ஒலியலைப் படத்தில்) இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மிட்ரல் வால்வு மிதமாகக் கசிகிறது. வால்வை இழுத்துப் பிடிக்கும் இரண்டு தசைகளில் பின்பக்கத் தசைக்குப் பெரும்பாலும் ஒரே தமனிதான் இரத்தம் தருகிறது, இன்னொன்றுக்கு இரண்டு. அந்த ஒரே தமனியைத்தான் நான் காலை வரை காக்க வைத்தேன். அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தோடு கவனித்துப் பார்ப்போம் என்றார் பேராசிரியர்.

மார்ச் 8, காலை 4.30

மர்மர் குறைந்திருக்கிறது. தேறி வருகிறார் போலும்.

மார்ச் 8, இரவு

காலையில் எழுதிய வரியை அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவரால் சாய்ந்து படுக்க முடியவில்லை. நிமிடத்துக்கு 34 மூச்சு, இருமினால் இளஞ்சிவப்பு நுரை. சீனியரிடம் மர்மர் குறைந்ததைச் சொன்னேன், நல்ல செய்தியாகவே சொன்னேன். அவர் நின்ற இடத்திலேயே திரும்பி எக்கோ இயந்திரத்தை இழுத்துக்கொண்டு ஓடினார். தசை அறுந்துவிட்டால் இடது மேலறையின் அழுத்தம் கீழறையின் அழுத்தத்தை நெருங்கிவிடுகிறது, இடையே வேறுபாடு இல்லாதபோது ஒலியும் எழுவதில்லை. திரையில் அறுந்த தசைத்துண்டு வால்வோடு சேர்ந்து ஒவ்வொரு துடிப்புக்கும் மேலறைக்குள் போய் வந்துகொண்டிருந்தது. தொடை வழியே இதயத்துக்குத் துணைசெய்யும் பலூன் பம்ப் வைத்து அறுவை அரங்குக்கு அனுப்பினோம்.

அவருடைய மனைவி, “நேற்று நன்றாகத்தானே நடந்தார், டாக்டர்?” என்று கேட்டார். வால்வைப் பற்றிச் சொன்னேன். தசையைப் பற்றிச் சொன்னேன். படம் வரைந்தும் காட்டினேன். அந்த ஆறு மணி நாற்பது நிமிடங்களைப் பற்றி இதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நேரத்தோடு திறந்திருந்தாலும் தசை அறுந்திருக்கக்கூடும் என்று சீனியர் ஆறுதல் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த அம்மாளுக்குத் தெரிய வேண்டிய செய்தியை என் ஆறுதலுக்காக நிறுத்தி வைப்பது முறையாகாது. பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். “நீங்களே சொல்லுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்” என்றார்.

மார்ச் 9, அதிகாலை 5.40

இன்னும் வெளியே வரவில்லை. வால்வை மாற்றுகிறார்கள் என்பது மட்டும் தெரியும். அவருடைய மனைவி எதிர் நாற்காலியில் விழித்தபடி இருக்கிறார். பேராசிரியர் ஆறு மணிக்கு வருவார். தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது.