ஒரு மாதிரியான சொல்

மொழிபெயர்ப்பு வேலையில் நீளமான ஆங்கிலச் சொற்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. அகராதியைப் புரட்டினால் வழி கிடைத்துவிடும். நேரத்தைத் தின்பவை 'வியர்ட்' (weird) போன்ற குட்டிச் சொற்கள்தான். அகராதி 'விசித்திரமான' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும். அதை அப்படியே எடுத்து சப்டைட்டிலில் போட்டால் கல்லூரி மாணவி ஒருத்தி, "எனக்கு விசித்திரமாக இருக்கிறது" என்று பாடப்புத்தகம் போலப் பேசுவாள்.

முதலில் பார்க்க வேண்டியது, சொல் எதைப் பற்றி வருகிறது என்பதை. உடம்பைப் பற்றியோ மனநிலையைப் பற்றியோ என்றால் 'ஒரு மாதிரி இருக்கு' போதும். இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. மூக்குக்கு எட்டுவது என்றால் 'ஏதோ ஒரு வாடை'. கணக்கு ஒத்துவராமலோ கணினி ஏடாகூடமாக எதையோ காட்டியோ ஒருவர் முணுமுணுத்தால் 'எங்கேயோ இடிக்குதே'. வாக்கியத்தின் தொடக்கத்தில் வினையடையாக வந்தால் பல நேரம் 'ஏனோ' என்ற இரண்டெழுத்திலேயே வேலை முடிந்துவிடும். இரண்டு வரிக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய சப்டைட்டிலில் அது பெரிய லாபம்.

ஆளைப் பற்றி வரும்போதுதான் வழுக்கும். 'அவன் ஒரு மாதிரி' என்றால், யாரோடும் ஒட்டாதவன், கொஞ்சம் கிறுக்கு என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'அவள் ஒரு மாதிரி' என்றால் தமிழில் அது ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். வகுப்புத் தோழியைச் சீண்டிய ஒரு வரி அவதூறாகப் போய் விழும். அங்கே 'அவ ஒரு கிறுக்கு' என்பது மேல். ஆனால் அந்தப் பாத்திரம் கதையில் மனநோயாளி என்றால் அதுவும் ஆகாது. 'வித்தியாசமானவர்' என்று தப்பித்துக்கொள்வோரும் உண்டு. சினிமா விமர்சனங்களின் புண்ணியத்தில் அது இப்போது பாராட்டுச் சொல்.

வடமொழி வழி வந்த சொற்களுக்கும் அதனதன் வாசனை உண்டு. விசித்திரத்தின் அடியில் பல நிறங்கள் கலந்த அழகு இருக்கிறது. விநோதத்துக்கு மூலத்தில் பொழுதுபோக்கு என்றே பொருள். திகில் காட்சியில் போட்டால் பயம் வடிந்துவிடும். அமானுஷ்யம் என்று எழுதிவிட்டால் பேய் உண்டு என்று ஆசிரியருக்கு முன்பே நாம் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். வியர்டின் பலமே அந்தத் தீர்ப்பைத் தள்ளிப்போடுவதில்தான் இருக்கிறது.

இவ்வளவும் இக்கால ஆங்கிலத்துக்கு. 1800க்கு முந்தைய நூல் என்றால் கதையே வேறு. பழைய ஆங்கிலத்தில் இது பெயர்ச்சொல், பொருள், விதி. லத்தீனின் விதித் தெய்வங்களான 'பார்க்கே'வுக்கு அக்காலத்து உரைகாரர்கள் எழுதிவைத்த ஆங்கிலச் சொல்லும் இதுதான். தெற்கே வழக்கு ஒழிந்த பிறகும் ஸ்காட்லாந்துப் பேச்சில் அது நிலைத்தது. விதியை நிர்ணயிக்கும் மூன்று பெண்களுக்கு 'வியர்ட் சிஸ்டர்ஸ்' என்ற பெயர் அங்கே வழங்கியது. 1577இல் வெளிவந்த ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூல் அவர்களை ஊழின் தேவதைகள் என்றே விளக்குகிறது. அங்கிருந்துதான் அவர்கள் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்துக்கு வந்தார்கள். 1623 பதிப்பில் இந்தச் சொல் 'வேவர்ட்', 'வேயர்ட்' என்றெல்லாம் அச்சாகியிருக்கிறது; அதை 'வியர்ட்' என்று திருத்தியவர் 1733இல் பதிப்பித்த லூயிஸ் தியோபால்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெல்லி, கீட்ஸ் போன்ற கவிஞர்கள் அதை அமானுஷ்யச் சாயல் கொண்ட பெயரடையாக எடுத்தாண்டார்கள். இன்றைய 'என்னவோ மாதிரி' என்ற பொருள் அதற்கப்புறம் வந்ததே.

ஆகவே மேக்பெத்தில் 'விசித்திர சகோதரிகள்' என்பது நேர்ப்பிழை. 'சூனியக்காரிகள்' பாதி சரி: மேடைக் குறிப்புகளுக்கு அது பொருந்தும், பாத்திரங்கள் வாயில் வரும் பெயருக்குப் பொருந்தாது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் நாடகத்தின் முடிச்சே அவிழ்ந்துவிடும். இவர்கள் விதியைச் செய்பவர்களா, சொல்பவர்கள் மட்டுமா என்பதுதானே அங்கே கேள்வி. குறளின் 38ஆம் அதிகாரத்தை நினைத்து 'ஊழ்' என்று போடக் கை துறுதுறுக்கும். அந்தச் சொல்லோடு முற்பிறவி வினையும் கூடவே வந்துவிடும், ஸ்காட்லாந்துக் கிழவிகளுக்கு அந்தக் கணக்கு தெரியாது. 'விதிமகளிர்' என்பதே பாரமில்லாத தேர்வு.

இன்னும் கீழே தோண்டினால் வேர், திரும்புதல், சுழலுதல் என்ற பொருள் தரும் பழைய இந்தோ-ஐரோப்பிய அடி. ஜெர்மனில் 'ஆகு' என்ற பொருளுள்ள 'வேர்டன்' அதன் கிளை. வடமொழியின் 'விருத்' என்ற வினையடியும் அதுவே. அதன் வழியாகப் பரிவர்த்தனை, ஆவர்த்தனம், வர்த்தமானம் எல்லாம் நம்மிடம் வந்திருக்கின்றன. இலங்கை அரசின் வர்த்தமானி அறிவித்தலுக்கும் மேக்பெத்தின் கிழவிகளுக்கும் தூரத்து உறவு உண்டு என்றால் கொழும்பில் யாரும் நம்பமாட்டார்கள். வேர் தெரிந்ததால் மொழிபெயர்ப்பு எளிதாவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லின் பிறப்பைவிட, கையிலிருக்கும் நூல் எழுதப்பட்ட ஆண்டே அதிகம் உதவும்.

கட்டுரைகளில் வேறொரு பொறி. சொல்லின் ஐந்து எழுத்தும் பெரிய எழுத்துகளாக (WEIRD) இருந்தால் அது பெயரடை அல்ல, சுருக்கம். 2010இல் ஹென்ரிக், ஹைனே, நோரன்சயான் மூவரும் உளவியல் ஆய்வுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் வந்தது: மேற்கத்திய, கல்வியறிவுள்ள, தொழில்மயமான, செல்வமுள்ள, ஜனநாயகச் சமூகத்து மக்கள். இவர்களிடமே ஆய்வு நடத்திவிட்டு மனித குலம் முழுவதற்கும் முடிவு சொல்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதிலுள்ள சிலேடை தமிழில் நிற்காது. முதல் இடத்தில் விரித்து எழுதி, பிறகு 'வியர்ட்' என்றே விட்டுவிடலாம். 'ஒரு மாதிரி' மட்டும் அங்கே கூடவே கூடாது. ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த ஆட்களின் தொகுதிக்குப் புள்ளியியலில் 'மாதிரி' என்றுதான் பெயர்.