விரல் ஒரு வரியில், வாய் ஒரு வரியில்

என் தம்பி சிங்கப்பூரில் தொடக்கநிலை எட்டு வரை படித்தவன். இன்றைய பெற்றோரிடம் இதைச் சொன்னால் நான் வாய் தவறிச் சொல்லிவிட்டதாக நினைக்கிறார்கள். தொடக்கநிலைதான் ஆறோடு முடிந்துவிடுமே, எட்டு எங்கிருந்து வந்தது? 1979இல் அன்றைய துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீயின் குழு கொடுத்த அறிக்கையிலிருந்து வந்தது. மூன்றாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். நார்மல் பிரிவு ஆறு வருஷத்தில் முடிக்கும். எக்ஸ்டெண்டட் பிரிவு, தொடக்கநிலையின் இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயை எட்டாவது வருஷத்தில் எழுதும். ஒரே மொழி படிக்கும் மோனோலிங்குவல் பிரிவுக்கும் எட்டு வருஷம்தான், ஆனால் அதில் படித்தவர்கள் தொழிற்பயிற்சிப் பக்கம் போய்விட வேண்டும். தம்பி நடுப்பிரிவில் விழுந்தான்.

யாரும் அவனை ஃபெயில் என்று சொல்லவில்லை. ஒரே பாடத்தை இரண்டு முறை படிக்க வைக்கவும் இல்லை, பாடத்தைத்தான் இழுத்து நீட்டினார்கள். ஆனாலும் பூனைமீசை அரும்பிய பிறகும் அரைக்கால் சட்டையோடு தொடக்கப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான். "பிள்ளைக்குக் கொஞ்சம் கூட அவகாசம் குடுத்திருக்காங்க" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைப்பார். பிறகு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய், இத்தனை வருஷமும் குறையில்லாமல் ஓட்டிவிட்டான். பள்ளிக்கூடத்தில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், காலையில் கொடியேற்றும்போது வரிசையில் கடைசி ஆளாக நின்றதைத்தான் சொல்வான். உயரம் அப்படி. அதே வாயால், ஏழாவது வருஷத்தில்தான் ஆங்கிலம் திக்காமல் படிக்க வந்தது என்றும் சொல்வான். இரண்டும் உண்மைதான். நான் தமிழாசிரியை ஆன பிறகு, "இந்தப் பிள்ளையை இன்னொரு வருஷம் வைத்துக்கொள்ளலாமா" என்ற பேச்சு நடக்கும் அறைகளில் எல்லாம் அவனும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான்.

நியாயமாகப் பார்த்தால் அந்த அறைகளில் எனக்கு வேலை இல்லை. ஆங்கிலமும் கணிதமும் எடுக்கும் வகுப்பாசிரியர்தான் பேச வேண்டியவர். தாய்மொழி ஆசிரியர் நாளைக்கு ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்ப்பவர், அவ்வளவுதான். ஆனால் வந்திருக்கும் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் அழ வராது. அதனால் என்னைக் கூப்பிடுவார்கள். மொழிபெயர்க்கத்தான் போவேன். போன இடத்தில் கருத்தும் கேட்பார்கள். 26 வருஷ வேலையில் சில தடவை என் கருத்தே முடிவாகியும் போயிருக்கிறது.

இங்கே கீழ்வகுப்புகளில் இந்தப் பேச்சு அவ்வளவாக எழாது. பிள்ளை தடுமாறினாலும் பெரும்பாலும் மேலே அனுப்பிவிடுவார்கள், துணைக்கு ஏதாவது ஏற்பாடு செய்து அனுப்புவார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் வாசிப்பைச் சோதித்து, பின்தங்கியவர்களை எட்டுப் பத்துப் பேராகத் தனி அறைக்குக் கூட்டிப்போகும் கற்றல் ஆதரவுத் திட்டம் 1992 முதல் நடக்கிறது. 2019இலிருந்து ஒன்றிலும் இரண்டிலும் தேர்வே கிடையாது. நான்காம் வகுப்பு முடிவில் பாடம் பாடமாகப் பார்ப்பார்கள். கணிதம் வராத பிள்ளை அடுத்த வருஷம் கணிதத்தை மட்டும் ஃபவுண்டேஷன் என்ற எளிய நிலையில் எடுத்துக்கொண்டு மற்றதை வழக்கம்போலப் படிக்கலாம். 2008இல் இந்த முறை வந்தபோது, பின்தங்கியவர்களைத் தனியாகப் பிரித்த இஎம்3 என்ற பெயர் ஒழிந்ததே என்று ஆசிரியர் அறையில் பெருமூச்சு விட்டோம். ஆக, ஐந்து வருஷம் யாரும் யாரையும் நிறுத்துவதில்லை. தள்ளிக்கொண்டே வந்த கேள்வி, ஆறாவது வருஷ நவம்பரில் பிஎஸ்எல்இ முடிவுச் சீட்டோடு சேர்ந்து மொத்தமாக வந்து நிற்கும்.

2022இல் அப்படி ஒரு சீட்டு வந்தது. பையன் ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றையும் ஃபவுண்டேஷனில் எடுத்தவன். தமிழ் மட்டும் வழக்கமான நிலை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல் என்று ஒரு நிலை உண்டு, 1தான் சிறந்தது, 8 கடைசி. தமிழில் ஏஎல்6. கணிதத்தில் பி, அது ஏஎல்7க்குச் சமம். அறிவியலில் சி, அது ஏஎல்8. ஆங்கிலத்திலும் சி. கூட்டினால் 29. "30 வரைக்கும் உயர்நிலைப் பள்ளிக்குப் போகலாமே மேடம், அப்புறம் என்ன?" என்றார் அப்பா. அங்கேதான் சிக்கல். 26 முதல் 30 வரை வாங்கியவர்களுக்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஏஎல்7ஆவது இருக்க வேண்டும். ஃபவுண்டேஷன் ஆங்கிலத்தில் பி வாங்க 100க்கு 30 போதும். பையன் அதற்கும் கீழே.

இனி இரண்டு வழி. ஆறாம் வகுப்பைத் திரும்பப் படிக்கலாம். இல்லையென்றால் நார்த்லைட் பள்ளிக்கோ அசம்ப்ஷன் பாத்வே பள்ளிக்கோ போகலாம். முன்னது 2007இலும் பின்னது 2009இலும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே தொடங்கியவை. பாடத்தோடு கைத்தொழிலும் கற்றுத்தருவார்கள். அந்தப் பெயர்களைச் சொன்னதுமே அப்பாவின் முகம் இறுகிவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். "எங்க ஊர்ல எட்டாவது வரைக்கும் யாரையும் நிறுத்த மாட்டாங்க. இங்க பன்னெண்டு வயசுலயே நிறுத்துறாங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்றது. 2019இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தலாம் என்று மாநிலங்களுக்கு வழிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அந்த இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 தொடக்கத்தில் கைவிட்டார்கள்.

அம்மாவின் கணக்கு வேறு, பையன்கள் போக வேண்டிய கட்டாய ராணுவச் சேவையை வைத்து. "பையன்தானே டீச்சர். எப்படியும் ரெண்டு வருஷம் நேஷனல் சர்வீஸ்ல போகப்போவுது. அதோட இதையும் ஒண்ணா வச்சுக்குவோம். நீங்க சொல்லுங்க, வச்சுப் பார்க்கலாமா?"

வைத்துப் பார்க்கலாம் என்றேன்.

ஆய்வு முடிவுகள் தெரியாமல் சொல்லவில்லை. நியூசிலாந்துக் கல்வியாளர் ஜான் ஹாட்டி நூற்றுக்கணக்கான ஆய்வுத் தொகுப்புகளைத் திரட்டி 2009இல் ஒரு பட்டியல் போட்டார். பிள்ளையின் கற்றலைப் பின்னுக்கு இழுக்கும் ஒருசில விஷயங்களில் வகுப்பைத் திரும்பப் படிக்க வைப்பதும் அதில் இருந்தது. ஃபுளோரிடாவில் 2002இல் சட்டம் போட்டு, வாசிக்க வராத மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். நிறுத்தியதோடு விடவில்லை. விடுமுறையில் வாசிப்பு முகாம், தினமும் 90 நிமிட வாசிப்பு, தேர்ந்த ஆசிரியர் என்று பலதையும் கூடவே கொடுத்தார்கள். முதலிரண்டு வருஷம் நல்ல முன்னேற்றம். அப்புறம் அது மெல்லக் கரைந்தது. இதெல்லாம் பயிற்சிப் பட்டறைகளில் கேட்டுத் தலையாட்டியதுதான். எதிரே ஓர் அம்மா கையில் சீட்டை மடித்தும் பிரித்தும் உட்கார்ந்திருக்கும்போது பட்டியல் ஞாபகத்துக்கு வருவதில்லை. என் வகுப்பில் அவ்வளவு அழகாகப் பேசுகிறவன், காணொளி பார்த்து உரையாடும் வாய்மொழித் தேர்வில் வெளுத்து வாங்குகிறவன், கொஞ்சம் முனைந்தால் ஆங்கிலத்தையும் பிடித்துவிடுவான் என்றுதான் தோன்றியது. என் பாடத்தில் நன்றாகச் செய்கிறவன் என்ற பெருமையும் அதில் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

2023 ஜனவரியில் எல்லாரும் மகிழ்ந்துபோனோம். கருத்தறிதல் பயிற்சியில் சரசரவென்று விடை எழுதினான். எழுதாமல் என்ன, போன வருஷம் செய்த அதே பத்திகள்தானே! மார்ச் வரை இந்த மகிழ்ச்சி தாங்கியது. புதிய தாள்கள் வந்ததும் பழைய இடத்துக்கே போய்விட்டான். காலையில் 20 நிமிடம் முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளம்புகிறான் என்று அம்மா சொன்னார். பள்ளிமேல் ஆசையா என்று கேட்டேன். "இல்ல டீச்சர். கூடப் படிச்ச பசங்க புதுச் சீருடையில புளோக் கீழ நிப்பாங்கல்ல, அவங்க வர்றதுக்குள்ள போயிடணுமாம்." கொடியேற்றும்போது பார்த்தேன். வரிசையில் அவன்தான் கடைசி.

ஜூலையில் ஒரு நாள், சிறப்புத் தேவை அலுவலர் என் வகுப்பின் பின்னால் வந்து உட்கார்ந்தார். மலாய்க்காரப் பெண்மணி, தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. வேறொரு பிள்ளையைக் கவனிக்க வந்தவர். அன்று வாசிப்பு. பையன் எழுந்து, விரலை வரிமேல் வைத்து, ஏற்ற இறக்கத்தோடு படித்தான். பாடம் முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "அந்தக் கடைசி மேசைப் பையன் வாசித்தானா, மனப்பாடமாகச் சொன்னானா? குரல் போய்க்கொண்டே இருந்தது. விரல் நகரவே இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. நானும் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல. வாய் ஐந்தாவது வரியில் இருக்கும், விரல் இரண்டாவது வரியில் தூங்கும். போன வருஷம் "என்னப்பா, விரலுக்குக் காலையில் கோப்பி கொடுக்கலையா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்திருக்கிறேன், அவனும் சேர்ந்து சிரித்தான். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாததால் காதுக்கு வேலை இல்லை, கண் மட்டும் பார்த்தது. எனக்குத் தமிழ் தெரிந்ததுதான் மறைத்துவிட்டது. பாட்டி வளர்த்த பிள்ளை. ஒரு முறை யாராவது படித்துக் கேட்டால் போதும், பாடம் தலைக்குள் போய்விடும். தமிழில் எழுத்தைச் சேர்த்தால் பெரும்பாலும் ஒலி வந்துவிடும். அதனால் புதுப் பத்தியைக் கொடுத்தாலும் தப்பாகப் படிக்க மாட்டான், மெதுவாகத்தான் படிப்பான். மெதுவாகப் படித்தால் சோம்பல் என்பேன். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை.

சோதித்தார்கள். டிஸ்லெக்சியா, எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு.

இதைச் சின்ன வகுப்பிலேயே பிடித்திருக்க வேண்டும். கற்றல் ஆதரவு வகுப்பிலிருந்து வெளியே வரும் பிள்ளைகளைப் பார்த்து, தேவைப்பட்டால் மூன்றிலும் நான்கிலும் பள்ளியிலேயே டிஸ்லெக்சியாவுக்கான தனி வகுப்பு வைக்கும் திட்டம் 2012 முதல் இருக்கிறது. இவன் இரண்டாம் வகுப்பு முடிந்த டிசம்பரில் வீடு மாறி, பள்ளி மாறி வந்தவன். கோப்பைத் தேடி எடுத்தோம். பழைய பள்ளியின் ஆசிரியர் சந்தேகப்பட்டு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். எல்லாம் இருந்தது. திறந்து பார்க்கத்தான் எங்களில் ஆள் இல்லை.

அதற்குப் பிறகு வெளியே தனிப்பயிற்சிக்குப் போனான். தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கினோம். அந்த நவம்பரில் ஆங்கிலத்தில் பி. 2024இல் உயர்நிலை ஒன்றுக்குப் போனான். அந்த வருஷம் சேர்ந்தவர்களிலிருந்துதான் உயர்நிலையில் பிள்ளைகளைப் பிரித்துவைத்த எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பெயர்களே இல்லாமல் போய், எல்லாரும் கலந்து உட்காரும் வகுப்புகள் வந்தன. முந்தின வருஷம் போன அவன் நண்பர்கள் கடைசிப் பிரிவான நார்மல் டெக்னிக்கல் என்ற பெயரோடு போனவர்கள். "ஒரு வருஷம் லேட்டாப் போனதுல இது ஒரு லாபம் மேடம்" என்று சிரித்தார் அப்பா.

பள்ளியில் இந்தக் கதையை, திரும்பப் படிக்க வைத்தால் பலன் உண்டு என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத் தொடங்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜனவரி முதல் ஜூலை வரை அவனுக்குக் கிடைத்ததுதான் திரும்பப் படித்தல்: அதே புத்தகம், அதே தாள், அதே நான். அதன் பலன் மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஜூலைக்குப் பிறகு கிடைத்தது வேறு. அதை அவன் எட்டு வயதிலேயே பெற்றிருக்கலாம். நாங்கள் கோப்பைத் திறக்காததற்கு அவன் ஒரு வருஷம் வட்டி கட்டினான்.

வயது ஒன்று கூடுவதே பிள்ளையைக் கெடுத்துவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. திருச்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஊரில் ஐந்து முடித்தவள். வெளிநாட்டு மாணவர் சேர்க்கைத் தேர்வு எழுதியதில் இங்கே மறுபடி ஐந்தில்தான் இடம் கிடைத்தது. "ஒரு வருஷம் பின்னாடி போட்டுட்டாங்களே" என்று அவள் அம்மா முதல் வாரம் புலம்பினார். வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அது தெரியாது. புது ஊர், புதுப் புத்தகம், யார் முன்னாலும் அவள் பின்தங்கவில்லை. ஆறு மாதத்தில் ஆங்கிலத்தில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டாள். இதையும் கணக்குப் பார்த்தால் ஒரு வகுப்பைத் திரும்பப் படித்ததுதான். ஆனால் அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சேர்க்கை'.

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக உட்கார்ந்த கூட்டங்களில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் இந்தப் பிள்ளைக்கு என்ன மாறும்? யார் சொல்லிக்கொடுப்பார், எந்த அறையில், எதை வைத்து? "இன்னும் கொஞ்சம் முதிர்ச்சி வந்துடும்" என்ற பதில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். முதிர்ச்சி அடுத்த பள்ளியிலும் வரும். இளைய ஆசிரியர்களுக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும். இருக்கட்டும்.

போன தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பையனின் கதையைச் சொன்னேன். மலாய்க்கார அம்மா, விரல், கோப்பு, எல்லாவற்றையும். குறுக்கே பேசாமல் கேட்டவன் கடைசியில் ஒன்றுதான் கேட்டான்.

"வரிசையில எங்க நின்னான்க்கா?"

"கடைசியிலதான்."

"கண்டுபிடிச்ச அப்புறம்?"

யோசித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் வரிசைப் பக்கம் பார்க்கவே இல்லை.