ஆட்சேபணை இல்லை, ஆனால்...

இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் இருக்கும் டிட்காட்டில் நாலு வருடம் குடியிருந்தால் விளக்குக் கம்பத்தைப் படிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். காணாமல் போன பூனை, யோகா வகுப்பு, பழைய சோபா விற்பனைக்கு, இதற்கெல்லாம் நடுவில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பிளானிங் நோட்டீஸ். இன்ன வயலில் வீடு கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது, கருத்துச் சொல்ல 21 நாள் அவகாசம். இந்த முறை அது நான் சாயங்காலம் நடக்கப் போகும் வயல்.

நோட்டீஸ் வந்து பத்து நாள் இருக்கும், இரண்டு வீடு தள்ளி இருக்கும் அண்ணன் (தென்காசிப் பக்கம், என்னைவிட ரொம்ப முன்னாடியே இந்த ஊருக்கு வந்தவர்) போன் செய்தார். "தம்பி, கவுன்டி 'நோ அப்ஜெக்‌ஷன்'னு எழுதிட்டானாமே. அப்போ முடிஞ்சுபோச்சுல்ல?"

முடியவில்லை. அதைப் போனில் விளக்கப் போய் முக்கால் மணி நேரம் ஆகி, சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்த முறை கேட்டால் லிங்க் அனுப்பிவிடலாம்.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. கவுன்டி என்றாலும் நாம் மாவட்டம் என்போம், டிஸ்ட்ரிக்ட் என்றாலும் மாவட்டம் என்போம். இங்கே இரண்டும் வேறு வேறு. மேலே ஆக்ஸ்ஃபோர்ட்ஷையர் கவுன்டி கவுன்சில், அதற்குக் கீழே ஐந்து டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்கள்: ஆக்ஸ்ஃபோர்ட் சிட்டி, செர்வெல், வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ், தெற்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷையர், மேற்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷையர். அதற்கும் கீழே டவுன் கவுன்சிலும் பாரிஷ் கவுன்சில்களும். டிட்காட் 1974 வரைக்கும் பெர்க்‌ஷையரில் இருந்தது. அந்த வருட எல்லைக் கோடு கிழிப்பில் இந்தப் பக்கம் வந்து விழுந்தது. அதோடு நிற்காமல் ஊரின் பெரும்பகுதி தெற்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரிலும், மேற்கே புதிதாக முளைக்கும் வேலி பார்க் (Valley Park) குடியிருப்பு, 4,000-க்கும் மேல் வீடுகள், வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸிலும் இருக்கின்றன. அங்கே குடிவருபவர்கள் ரயில் பிடிப்பதும் காய்கறி வாங்குவதும் டிட்காட்டில்தான், ஆனால் அவர்கள் வீட்டுக்கு அனுமதி கொடுப்பது வேறு கவுன்சில்.

யார் எதைச் செய்கிறார்கள் என்பதற்குக் குப்பையைவிட நல்ல உதாரணம் கிடையாது. வாசலில் வைத்த குப்பைத் தொட்டியை எடுத்துப் போவது டிஸ்ட்ரிக்ட். எடுத்த குப்பையை என்ன செய்வது என்பது கவுன்டியின் பாடு. சாலை, பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் கவனிப்பு, வெள்ள வடிகால் மேற்பார்வை எல்லாம் கவுன்டி. வீடு கட்டலாமா கூடாதா என்று முடிவு செய்வது டிஸ்ட்ரிக்ட். அதாவது சம்மதம் சொல்கிறவர் ஒருவர், அந்தச் சம்மதத்தால் வரும் செலவைச் சுமக்கிறவர் இன்னொருவர். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

ஆகவே விண்ணப்பம் வந்ததும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் கவுன்டியிடம் கருத்துக் கேட்கிறது, கேட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். கவுன்டி எழுதும் பதிலை நான் சில வருடங்களாகப் படித்து வருகிறேன் (ஆமாம், சிலர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார்கள், எனக்கு இது). ஒரு பிளானிங் ஃபைலில் நூறு ஆவணங்கள் இருக்கும், மரக் கணக்கெடுப்பு, வௌவால் கணக்கெடுப்பு, குழந்தையோடு ஒரு பெண் சிரித்தபடி நடக்கும் கம்ப்யூட்டர் படம், எல்லாம். நேரமில்லை என்றால் அவற்றை விட்டுவிடுங்கள், கவுன்டியின் பதிலை மட்டும் எடுங்கள். போக்குவரத்து, மழைநீர் வடிகால், கல்வி, தொல்லியல், குப்பை என்று ஒவ்வொரு துறையும் தனித்தனியே எழுதியிருக்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வரி சிபாரிசு: ஆட்சேபணை, அல்லது ஆட்சேபணை இல்லை, அல்லது பெரும்பாலும் வருவது, "கீழ்க்கண்டவற்றுக்கு உட்பட்டு ஆட்சேபணை இல்லை".

அண்ணனுக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், "எங்களுக்குன்னு ஒண்ணும் வேண்டாங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு லிஸ்டை நீட்டுவார்கள் இல்லையா, அந்த "ஒண்ணும் வேண்டாம்"தான் கவுன்டியின் "ஆட்சேபணை இல்லை". லிஸ்ட் அடுத்த பக்கத்தில் இருக்கும். ஆரம்பப் பள்ளியில் இத்தனை இடத்துக்கு இவ்வளவு, உயர்நிலைப் பள்ளிக்கு இவ்வளவு, சிறப்புக் கல்விக்கு இவ்வளவு, பஸ் சேவைக்கு, நிறுத்தத்தில் நிழற்குடைக்கு, குப்பை மறுசுழற்சி மையத்துக்கு, சில சமயம் நூலகத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விலைவாசிக்கு ஏற்ப ஏறும் குறியீட்டின் பெயரும் இருக்கும், போக்குவரத்துக்கு பாக்ஸ்டர் என்று ஒன்று, கல்விக்கு வேறொன்று. பணம் வந்து சேர ஏழெட்டு வருடம் ஆகலாம் என்று கவுன்டிக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான்.

இந்தப் பேரத்துக்குச் சட்டப் பெயர் செக்‌ஷன் 106. 1990-ஆம் ஆண்டு டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் சட்டத்தின் 106-ஆவது பிரிவு. இஷ்டத்துக்குக் கேட்கவும் முடியாது. கேட்கும் தொகை இல்லாமல் இந்தக் கட்டுமானத்தை ஏற்க முடியாது என்று இருக்க வேண்டும், இந்தக் கட்டுமானத்தோடு நேரடித் தொடர்பு வேண்டும், அளவும் நியாயமாக இருக்க வேண்டும். அதாவது ஏற்கெனவே குண்டும் குழியுமாக இருக்கும் சாலைக்கு இந்த பில்டரிடம் வசூல் செய்ய வழியில்லை. அப்புறம், எப்போது கொடுக்க வேண்டும் என்பது தனிக் கதை. "இத்தனையாவது வீட்டில் ஆள் குடியேறும் முன்" என்று ஒரு நிபந்தனை போடுவார்கள். எல்லா நாடகமும் அந்த எண்ணில்தான். 50-ஆவது வீடா, 150-ஆவது வீடா என்பதில் உங்கள் பிள்ளை பக்கத்துப் பள்ளியில் சேருமா, மூன்று மைல் தள்ளிப் போகுமா என்பது தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த எண்ணைப் பற்றிக் கருத்து எழுதிய குடிமகன் ஒருவரைக்கூட நான் இதுவரை ஃபைலில் பார்த்ததில்லை, எல்லோரும் வயலின் அழகைப் பற்றித்தான் எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன்.

டிராஃபிக் பற்றியும் எழுதுவோம். "ஏற்கெனவே நெரிசல் தாங்கவில்லை." உண்மைதான், ஆனால் தேசிய பிளானிங் கொள்கையில் 2012-லிருந்தே ஒரு வார்த்தை உட்கார்ந்திருக்கிறது: பாதுகாப்புப் பிரச்சினை இல்லாதபட்சத்தில், சாலை வலையமைப்பின் மேல் ஏற்படும் மொத்தப் பாதிப்பு "கடுமையாக" இருந்தால்தான் போக்குவரத்தைக் காரணம் காட்டி மறுக்கலாம். எரிச்சலூட்டும் நெரிசல் கடுமை ஆகாது. காலையில் பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பது கடுமையா என்பதை டிரான்ஸ்போர்ட் கன்சல்டன்ட்டுகளும் வக்கீல்களும் நாள்கணக்கில் விவாதிப்பார்கள். கவுன்டியின் நெடுஞ்சாலை அதிகாரி அந்த வார்த்தையைப் பயன்படுத்தியிருக்கிறாரா என்று பாருங்கள், பயன்படுத்தியிருந்தால் அது பெரிய விஷயம்.

வடிகால் பகுதியை யாரும் படிப்பதில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும். நூறு வருடத்தில் ஒருமுறை வரக்கூடிய மழை, அதோடு காலநிலை மாற்றத்துக்காக 40 சதவீதம் கூட்டி, அந்தத் தண்ணீர் முழுவதும் மனைக்குள்ளேயே நின்று மெதுவாக வடிய வேண்டும் என்று கணக்குக் கேட்பார்கள். பில்டரின் படத்தில் "குளம்" என்று வாத்து வரைந்து அழகாகக் காட்டியிருப்பது பெரும்பாலும் இதுதான்.

இது ஒற்றை விண்ணப்பத்தின் கதை. இதற்கு மேலே லோக்கல் பிளான் என்று ஒன்று இருக்கிறது, அடுத்த பதினைந்து இருபது வருடத்துக்கு எந்த ஊரில் எத்தனை வீடு என்று டிஸ்ட்ரிக்ட் போடும் திட்டம். அதற்கும் கவுன்டி பதில் எழுதும், உண்மையில் அங்கே எழுதுவதுதான் எடை அதிகம், ஏனென்றால் பிளானில் இடம்பிடித்த வயலுக்கு விண்ணப்பம் வரும்போது "வேண்டாம்" என்பது காலம் கடந்த பேச்சு.

இங்கே 2019-ல் நடந்ததை நினைத்தால் இன்னமும் சிரிப்பு வருகிறது. தெற்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் அந்த மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது, லிபரல் டெமாக்ரட்டும் பசுமைக் கட்சியும் சேர்ந்து வந்தார்கள், முந்தைய ஆட்சி ஆய்வுக்கு அனுப்பியிருந்த பிளானைத் திரும்பப் பெறும் யோசனையில் இருந்தார்கள். அந்த பிளானோடு டிட்காட் பகுதிச் சாலைகளுக்கான 218 மில்லியன் பவுண்ட் மத்திய அரசுப் பணமும் பின்னிக் கிடந்தது. அக்டோபரில் வீட்டுவசதி அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் "கை வைக்காதே" என்று தடை போட்டார். அடுத்து, பிளானைப் பிடுங்கி கவுன்டியிடமே கொடுத்துவிடலாமா என்று யோசித்தார். கருத்துச் சொல்லும் இடத்தில் இருந்த கவுன்டி முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார இருந்தது. கடைசியில் 2020 மார்ச்சில் டிஸ்ட்ரிக்டையே கட்டாயப்படுத்தி, டிசம்பருக்குள் நிறைவேற்று என்று உத்தரவு வந்தது, நிறைவேற்றினார்கள். வேண்டாம் என்று ஓட்டு வாங்கியவர்கள் கையாலேயே.

அந்தச் சாலைகளின் கதை இன்னும் மேல். தேம்ஸைக் கடக்க எங்களுக்குப் பக்கத்தில் இருப்பவை கல்ஹம் பக்கமும் கிளிஃப்டன் ஹாம்ப்டனிலும் உள்ள பழைய பாலங்கள், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போகலாம், சிக்னல் வைத்திருக்கிறார்கள். புது ஆற்றுப்பாலம், டிட்காட்டில் ரயில் பாதைக்கு மேல் ஒரு பாலம், ஒரு பைபாஸ், ஒரு சாலை அகலப்படுத்தல், எல்லாம் சேர்த்து சுமார் 300 மில்லியன் பவுண்ட் திட்டம். இது வராமல் ஆயிரக்கணக்கான வீடுகளைத் தாங்க முடியாது என்பது கவுன்டியின் வாதம். விண்ணப்பதாரர் கவுன்டி. சாலை கவுன்டி தானே போடுவதாக இருந்தால் அனுமதி தருவதும் கவுன்டியின் பிளானிங் கமிட்டியே. 2023 ஜூலையில் அந்தக் கமிட்டி கூடி, தன் சொந்தக் கவுன்சிலின் விண்ணப்பத்தை மறுத்துவிட்டது. காலநிலை, சத்தம், டிராஃபிக் கணக்கு என்று காரணங்கள். கையால் போட்ட கோலத்தைக் காலால் அழித்த மாதிரி என்று அண்ணன் சொன்னார், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கமிட்டி தன் வீட்டு ஆள் கேட்டாலும் இல்லை என்று சொல்வது எனக்குப் பிடித்திருந்தது, முடிவு சரியா தவறா என்பது வேறு. (அந்தப் பாலத்து சிக்னலில் நிற்கும் காலைகளில் மட்டும் எனக்கு இவ்வளவு பெருந்தன்மை இருப்பதில்லை.) அதே மாத இறுதியில் அமைச்சர் மைக்கேல் கோவ் ஃபைலைத் தன்னிடம் வாங்கிக்கொண்டார், 2024-ல் விசாரணை நடந்தது, அந்த டிசம்பரில் அனுமதி கிடைத்தது.

இத்தனைக்கும் இதே கவுன்டி 2022-ல் நிறைவேற்றிய போக்குவரத்துத் திட்டம், 2030-க்குள் நாலில் ஒரு கார் பயணத்தைக் குறைக்க வேண்டும் என்கிறது. இப்போது அவர்கள் எழுதும் பதில்களில் அந்தக் குரலைக் கேட்கலாம்: எவ்வளவு கார் வரும் என்று கணித்து அதற்கேற்பச் சாலை கேட்பதை விட்டு, எப்படிப்பட்ட ஊர் வேண்டும் என்று முடிவு செய்து அதற்கானதைக் கேள் என்று. நல்ல யோசனைதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றிருப்பவர்களிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இப்போது இந்த அடுக்குகளே போகப் போகின்றன. 2024 டிசம்பரில் வந்த மத்திய அரசின் வெள்ளை அறிக்கை, கவுன்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரட்டை அடுக்கை எடுத்துவிட்டு ஒற்றை கவுன்சில்களாக மாற்றச் சொல்கிறது. எங்கள் பக்கம் மூன்று யோசனைகள் அரசுக்குப் போயின: கவுன்டி முழுவதற்கும் ஒன்று, அல்லது தெற்குப் பகுதியை மேற்கு பெர்க்‌ஷையரோடு சேர்த்து ரிட்ஜ்வே என்று ஒன்றும் மீதிக்கு இன்னொன்றும், அல்லது ஆக்ஸ்ஃபோர்டைப் பெரிதாக்கி மொத்தம் மூன்று. ரிட்ஜ்வே வந்தால் டிட்காட் பாதி பெர்க்‌ஷையருக்குத் திரும்பின மாதிரி. ஒரே கவுன்சில் ஆனால் நெடுஞ்சாலை அதிகாரியும் பிளானிங் அதிகாரியும் ஒரே கூரைக்கடியில் இருப்பார்கள், அந்தப் பதில் கடிதம் வெளியே வருமா அல்லது உள்ளுக்குள் ஒரு ஈமெயிலோடு முடிந்துவிடுமா என்பதுதான் என் கவலை. இரண்டு பேர் எழுத்தில் சண்டை போட்டதால்தான் நமக்குப் படிக்க ஏதோ கிடைத்தது.

சரி, வயலுக்கு வருகிறேன். கருத்து அனுப்ப வியாழக்கிழமை கடைசி நாள். நான் மூன்று விஷயம் எழுதியிருக்கிறேன்: பள்ளிப் பணம் எத்தனையாவது வீட்டுக்கு முன் வர வேண்டும் என்பது, பஸ் நிறுத்தத்துக்குச் சாலையைக் கடக்க வழி வேண்டும் என்பது, அந்தக் குளத்தைப் பிற்காலத்தில் யார் பராமரிப்பார்கள் என்பது. வயலின் அழகைப் பற்றி ஒரு வரி எழுதி, அழித்து, திரும்ப எழுதிவிட்டேன். அண்ணன் தன் பங்குக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறார், முழுக்க டிராஃபிக். அதில் "கடுமையான" என்ற வார்த்தை பதினோரு முறை வருகிறது.