வளைந்த கொசுவம் வசப்பட்டது

வளைவு குலையாமல் நிலைத்துவிட்டது! டென்மார்க்கின் விளக்கு நிறுவனமான லெ கிலிண்டின் 172 மாடல் பாணியில் முழுக்கக் கையால் மடித்த தொங்குவிளக்குக் கூண்டு, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோரே கிலிண்ட் 1944இல் அந்த நிறுவனத்துக்கு வடிவமைத்த 101 லாந்தரில் எல்லாம் நேர்க்கோடு. பொறுமை இருந்தால் வந்துவிடும். 172 வேறு ரகம். இதில் வடிவமைப்பாளர் பௌல் கிறிஸ்டியன்சன் நேர்க்கோட்டை விட்டு, சீராக ஏறி இறங்கும் சைன் அலையைப் பிடித்துக்கொண்டார். நேர்மடிப்பைப் புடவைக் கொசுவம் போல அழுத்திப் படிய வைக்கலாம். அலைக்கோட்டில் அது நடக்காது. கோட்டுக்கு இருபுறமும் தாள் வளைந்தே நிற்கும். கூண்டுக்கு விறைப்பு கிடைப்பதும் அதனால்தான்.

தொல்லையெல்லாம் அலை திசை மாறும் இடத்தில். குழிவு குவிவாகும் அந்தப் புள்ளியில்தான் தாள் நொடிக்கும். அங்கே கைகொடுத்தது மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. கத்தியின் முதுகு தாளின் நாரை அறுத்துவிடுகிறது, தாள் மடிக்கும் தட்டைக் கருவியான எலும்பு மடிப்பானின் முனையோ ரொம்ப அகலம். அடியில் பழைய செய்தித்தாள் அடுக்கு. முதல் ஓட்டத்தில் தடம் மட்டும், அடுத்ததில் அழுத்தம். திரும்பும் புள்ளி நெருங்கும்போது பேனாவைத் தூக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும். மேட்டு மடிப்புகளைப் பதித்தபின் தாளைத் திருப்பிப் போட்டுப் பள்ள மடிப்புகள். அப்புறம் மடிக்கும்போது ஓரத்தில் தொடங்கவே கூடாது. வளைவின் வயிற்றில் தொடங்கி, இரு கை விரல்களாலும் கிள்ளிக்கொண்டே வெளிப்பக்கம் போக வேண்டும். விரல்நுனி எரியும். ஆனால் மடிப்பு தானாகவே எழுந்து வரும் அந்த நொடிக்கு எதுவும் ஈடில்லை.

தாள் 150 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் கடையில் விழிக்கிறார்கள், எரிச்சல்தான் வருகிறது. ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழிகிற பக்கம்தான் நாரின் பக்கம். மடிப்பு அதையொட்டி ஓடட்டும். அடுத்த கூண்டு மங்கலான பாலியஸ்டர் ஃபிலிமில். லெ கிலிண்ட்காரர்களும் டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் பிளாஸ்டிக் தாளைத்தான் கையால் மடிக்கிறார்கள்.

மேல்வளையம் இன்னும் கோக்கவில்லை. அதற்குள் மனம் பௌல் ஹென்னிங்சன் வடிவமைத்த, தட்டுகளை அடுக்கிய பிஎச்5 தொங்குவிளக்கின் பக்கம் ஓடுகிறது. 1958இல் வந்தது, பெரிய தட்டு 50 செ.மீ., எங்கிருந்து பார்த்தாலும் பல்பு கண்ணைக் குத்தாது. அலுமினியத்துக்கு முன் அட்டையில் தட்டுகளை வெட்டி, இடைவெளியைச் சரிபார்க்கப் போகிறேன். சரி, முதலில் வளையம். பல்பு இளமஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் எல்இடி மட்டுமே. இழைபல்பின் சூட்டில் இந்தத் தாளை வைக்க மாட்டேன்.